உயர்நிலைப் பள்ளிக் கணக்கும் அதற்கு வேண்டும் முன்னறிவும்

பாவு ஓட்டாமல் தறியில் நூல் ஏற்றுவார் இல்லை. நாற்று விடாமல் நடவு தொடங்குவாரும் இல்லை. ஒரு வேலைக்கு முன்னர் வேறொரு வேலை முடிந்திருத்தல் வேண்டும் என்பதை நெசவாளர்க்கும் உழவர்க்கும் எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் நம் பிள்ளைகளின் படிப்பில், அதிலும் கணக்குப் படிப்பில், இவ்வொழுங்கு இருப்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்த பின்னரே ‘எந்தப் பிரிவில் சேர்ப்பது?’ என்று கேட்கத் தொடங்குகிறோம். அதற்குள் வேலையில் பெரும்பகுதி முடிந்திருக்கும். அல்லது முடியாமலே விடப்பட்டிருக்கும்.

நாம் சொன்ன யோசனை

இதனை எழுதுவதற்கு நமக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கோடையில், நம் உறுப்பினரான நெசவாளர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு திட்டக்குடியில் நம்மைக் காண வந்தார். பெண் பத்தாம் வகுப்பில் தேறியிருந்தாள். மற்றப் பாடங்களில் நல்ல மதிப்பெண். கணக்கில் மட்டும் குறைவு. எந்தப் பிரிவு எடுக்கலாம் என்று தந்தை கேட்டார். நாமும் ஆழ்ந்து விசாரியாமல், “கணக்கு வராத பிள்ளையை ஏன் வருத்துகிறீர்கள்? கணக்கில்லாத பிரிவில் சேருங்கள், மதிப்பெண் கூடும்” என்று சொல்லி அனுப்பினோம். அவரும் அவ்வாறே செய்தார்.

இரண்டாண்டு கழித்து அப்பெண் நல்ல மதிப்பெண்ணுடன் மேல்நிலைத் தேர்வில் தேறினாள். அவள் விரும்பியது வேளாண்மைப் பொறியியல். பாசன வாய்க்காலும் பண்ணைக் கருவியும் பற்றிய படிப்பு என்று யாரோ சொல்லக் கேட்டு ஆசை கொண்டிருந்தாள். மேல்நிலை வகுப்பில் கணிதம் பயிலாதவர் அதற்கு விண்ணப்பிக்க இயலாது என்பதை அன்றுதான் தந்தையும் மகளும் அறிந்தனர். உண்மையைச் சொன்னால் நாமும் அன்றுதான் அறிந்தோம். இப்போது அவள் வேறு பட்டப்படிப்பை நன்றாகவே படித்து வருகிறாள். எனினும் ஒரு கதவு நம் வார்த்தையால் அடைபட்டது என்ற எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை. பிறர்க்கு அவ்வாறு நேராதிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்ணைப் பள்ளியின் ஒழுங்கு

முன்னறிவு என்பது நமக்குப் புதிய செய்தியன்று. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் கணக்குக் கற்பித்த முறையைப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த செந்தில் பாபு ஆராய்ந்து 2022-இல் நூலாக வெளியிட்டுள்ளார். அப்பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் பொன்னிலக்கம் பயின்றனர். முழு எண்களும் கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி ஆகிய கீழ்வாய்ப் பின்னங்களும் அதில் அடங்கும். ஒரு முந்திரியாவது 320-இல் ஒரு பங்கு. அதன் பின்னர் நெல்லிலக்கம். ஆழாக்கு 2 சேர்ந்தால் உழக்கு, உழக்கு 2 சேர்ந்தால் உரி, உரி 2 சேர்ந்தால் நாழி, நாழி 8 சேர்ந்தால் குறுணி, குறுணி 12 சேர்ந்தால் கலம் என்று அளவைகள் ஏறிச் செல்லும். இவ்விரண்டும் நாவில் நிலைத்த பின்னரே எண்சுவடி. பெருக்கல் வாய்பாடுகள் யாவும் அதில் இருந்தன. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கும் வாய்பாடுகளும் இருந்தன.

அம்முறையில் குறைகள் இல்லாமல் இல்லை. சாதியாலும் வறுமையாலும் பலர் திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் அங்கு இல்லை. எனினும் ஒரு படி உறுதிப்படாமல் அடுத்த படிக்குப் பிள்ளையை ஏற்றுவதில்லை என்ற நெறி அதில் இருந்தது. மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக் கொடுப்பதும் வழக்கம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் பணிபுரிந்த ஆண்ட்ரூ பெல் என்பவர், மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் முறையை இங்கிலாந்தில் பரப்பினார். அங்கு அதற்கு ‘மதராஸ் முறை’ என்றே பெயர் வழங்கிற்று.

படிக்கட்டு எவ்வாறு அமைந்துள்ளது

இன்றைய பள்ளிக் கணக்கையும் அவ்வாறே படிகளாகப் பிரித்துக் காணலாம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் 2018-19 முதல் புதுப்பிக்கப்பட்டது. அதன்படி ஒன்பதாம் வகுப்பில் கண மொழி, மெய்யெண்கள், இயற்கணிதம், வடிவியல், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், அளவியல், புள்ளியியல், நிகழ்தகவு ஆகிய 9 இயல்கள் உள. பத்தாம் வகுப்பில் உறவுகளும் சார்புகளும், எண்களும் தொடர்வரிசைகளும் என்று தொடங்கி 8 இயல்கள் உள. பெயர்களைப் பார்த்தாலே, ஒன்பதில் விதைத்தது பத்தில் வளர்வதை அறியலாம். மேல்நிலை முதலாண்டில் மீண்டும் சார்புகள், இயற்கணிதம், முக்கோணவியல் ஆகியனவே முன்னிற்கின்றன. அவற்றின் மேல் நுண்கணிதம் எழுப்பப்படுகிறது.

ஆனால் இப்படிக்கட்டின் அடிக்கல் ஒன்பதாம் வகுப்பில் இல்லை. ஐந்து, ஆறு, ஏழாம் வகுப்புகளிலேயே இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். மூன்றில் ஒரு பங்கையும் நான்கில் ஒரு பங்கையும் கூட்டச் சொன்னால், சில பிள்ளைகள் மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டி ‘ஏழில் இரண்டு’ என்று விடை எழுதுவர். சரியான விடை பன்னிரண்டில் ஏழு. ஏழில் இரண்டு என்பது மூன்றில் ஒன்றைவிடவும் சிறியது. கூட்டினால் குறையுமா என்று அப்பிள்ளை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. இப்பிழை ஆறாம் வகுப்பில் திருத்தப்படாவிடின் பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவைகளைக் கூட்டும்போது அதே பிழை எழுத்துகளின் வேடத்தில் திரும்பி வரும். அப்போது ஆசிரியர் அதனை இயற்கணிதப் பிழை என்று எண்ணித் திருத்த முயல்வார். நோய் ஓரிடம், மருந்து வேறிடம் என்றாகிவிடும்.

எதிர்ம எண்களும் அத்தகையனவே. ஏழு ரூபாய் கடனில் நான்கு ரூபாயைத் திருப்பினால் இன்னும் மூன்று ரூபாய் கடன் என்பதை எந்தப் பிள்ளையும் அறியும். அதனையே குறியோடு எழுதும்போது தடுமாறினால் காரணிப்படுத்துதல் கைகூடாது. காரணிப்படுத்துதல் கைகூடாவிடின் பத்தாம் வகுப்பின் இருபடிச் சமன்பாடு கைகூடாது. அதுவும் இல்லையெனில் மேல்நிலை வகுப்பில் எல்லை, வகையிடல் ஆகியன வெறும் மனப்பாடமாகவே முடியும். விகிதத்தில் தெளிவில்லாதவனுக்கு வடிவொத்த முக்கோணங்கள் விளங்கா. அவை விளங்காவிடின் உயரங்களும் தொலைவுகளும் பற்றிய முக்கோணவியல் கணக்கு விளங்காது.

எட்டாம் வகுப்பு வரையில் தேர்ச்சி நிறுத்தம் இல்லை. சிறு பிள்ளைகளைத் தோல்வி என்ற முத்திரையிட்டுப் பள்ளியினின்று விரட்டாதிருக்க ஏற்பட்ட நல்ல விதி அது. ஆயினும் வகுப்பு ஏறிவிட்டது என்பதனாலேயே பாடமும் ஏறிவிட்டது என்று பெற்றோர் கொள்ளல் ஆகாது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. அக்காலத்தில் தொடக்க வகுப்புகளில் இருந்த பிள்ளைகளுக்கு அடிப்படை எண்ணறிவில் பல இடைவெளிகள் நேர்ந்தன. அவற்றை நிரப்பவே 2021-இல் இல்லம் தேடிக் கல்வியும் 2022-இல் எண்ணும் எழுத்தும் இயக்கமும் தொடங்கப்பட்டன.

தறியிலும் வயலிலும் சூளையிலும்

‘இக்கணக்கெல்லாம் நம் தொழிலுக்கு எதற்கு?’ என்று கேட்பாரும் உளர். அவர்கள் தங்கள் கைவேலையையே உற்று நோக்கட்டும்.

நூலின் கவுண்டு என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதாகும். 60 கவுண்டு நூலில் ஒரு பவுண்டுக்கு 50,400 கெஜம். அகலம் 48 அங்குலம், அங்குலத்திற்கு 80 இழை எனக் கொண்டால் பாவில் 3,840 இழைகள். நீளம் 6 கெஜமாயின் வேண்டும் நூல் 23,040 கெஜம்; எடை ஏறத்தாழ 207 கிராம். சுருக்கத்திற்கும் கழிவிற்கும் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். இதையே 80 கவுண்டு நூலில் செய்தால் எடை ஏறத்தாழ 155 கிராமாகக் குறையும். கவுண்டு ஏற எடை இறங்குவதே ஏழாம் வகுப்பில் பயிலும் எதிர் விகிதம். சங்கத்தில் நூல் பெற்று வரும்போது தமக்கு உரிய எடை வந்ததா என்று காண இதைவிட வேறு கருவி வேண்டா.

வயலுக்கு வருவோம். ஒரு செண்டு என்பது 435.6 சதுர அடி. முக்கோண வடிவான ஒரு துண்டு நிலத்தின் பக்கங்கள் 130, 140, 150 அடி எனக் கொள்வோம். ஒன்பதாம் வகுப்பு அளவியலில் வரும் ஹெரான் சூத்திரத்தால் அதன் பரப்பு 8,400 சதுர அடி, அதாவது 19.28 செண்டு என்று காணலாம். இச்சூத்திரத்தைக் கையாள வர்க்கமூலம் தெரிந்திருத்தல் வேண்டும். உர மூட்டையும் ஒரு கணக்கே. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ. ஒரு பயிருக்கு 30 கிலோ தழைச்சத்து வேண்டுமெனில் சற்றேறக்குறைய ஒன்றரை மூட்டை போதும். இக்கணக்கை அறியாதவர் இரண்டு மூட்டை இடுவர். பணமும் வீண், மண்ணுக்கும் கேடு.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலிலும் இதனைக் காணலாம். களிமண் உருவம் உலர்ந்து சூளையில் வெந்தபின் சுருங்கும். நூற்றுக்கு 10 பங்கு நீளம் சுருங்கும் மண்ணில் 9 அங்குலப் பொம்மை வேண்டுமெனில் அச்சு எத்தனை அங்குலம் இருத்தல் வேண்டும்? பலர் 9-உடன் அதன் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்து 9.9 என்பர். அவ்வாறு செய்த பொம்மை 8.91 அங்குலமாகவே வெளிவரும். அச்சு 10 அங்குலம் இருத்தல் வேண்டும். எதன்மேல் சதவீதம் எடுக்கிறோம் என்ற தெளிவே இங்கு முன்னறிவு. நீளம் பத்தில் ஒன்பதானால் பருமன் ஆயிரத்தில் 729 ஆகும் என்பது அதற்கு மேற்பட்ட படி.

எந்தப் பிரிவு எதற்கு வழி?

மேல்நிலை வகுப்பில் கணிதம் எடுத்தோர்க்கும் எடாதோர்க்கும் திறக்கும் வழிகளைப் பெற்றோர் முன்னரே அறிதல் நலம். பொறியியல் பட்டத்திற்கான தமிழ்நாட்டுத் தரவரிசையில் மொத்தம் 200 மதிப்பெண். அதில் 100 கணிதத்திற்கு, 50 இயற்பியலுக்கு, 50 வேதியியலுக்கு. நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்குப் பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளில் 2021 முதல் நூற்றுக்கு 7.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடும் உண்டு. ஆயினும் கணிதம் பயிலாத பிள்ளைக்கு அவ்வொதுக்கீடு பொறியியலில் பயன்படாது. மருத்துவத்திற்குக் கணிதம் வேண்டா. வேளாண்மைப் பட்டத்தில் உயிரியல் பயின்றோரும் சேரலாம். வேளாண்மைப் பொறியியலுக்கோ கணிதம் இன்றியமையாதது. வணிகப் பிரிவில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் என்ற பாடம் உண்டு. அதனைப் பொறியியற் கணிதத்திற்கு ஈடாகக் கருதிவிடலாகாது.

மேல்நிலைக்குச் செல்லாமல் பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கில் சேர்வது மற்றொரு வழி. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்ப டிப்ளமா பயிலலாம். சேலத்தில் 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் கைத்தறி டிப்ளமா பயிலலாம். டிப்ளமா முடித்தோர் பொறியியல் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரவும் இடமுண்டு. ஆகவே ஒரு கதவு அடைபட்டாலும் மற்றொன்று இருக்கிறது. ஆனால் கணக்கினின்று தப்ப இதுவே வழி என்று எண்ண வேண்டா. பாலிடெக்னிக் முதலாண்டிலேயே முக்கோணவியலும் நுண்கணிதமும் காத்திருக்கும்.

எல்லாப் பிள்ளைகளும் கணிதப் பிரிவே எடுத்தல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. செவிலியரும் ஆசிரியரும் வழக்கறிஞரும் நமக்கு வேண்டும். கணிதத்தை விடுவதாயின் அறிந்து விடுதல் வேண்டும். அஞ்சி விடுதல் ஆகாது என்பதே நாம் கூறுவது.

பிற இடங்களில் நேர்ந்தவை

எளிய கணக்கு, கடுங்கணக்கு என்று இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் பழையது. நம் மாநிலத்தில் பழைய எஸ்.எஸ்.எல்.சி. முறையில் பொதுக் கணிதம் என்றும் காம்போசிட் கணிதம் என்றும் இரண்டு இருந்தன. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபின் அம்முறை மாறிற்று. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020-ஆம் ஆண்டுத் தேர்வு முதல் பத்தாம் வகுப்பில் ‘ஸ்டாண்டர்டு’, ‘பேசிக்’ என்று இருவகைக் கணிதத் தேர்வுகளை வைத்தது. பேசிக் எழுதியோர் மேல்வகுப்பில் முழுக் கணிதம் எடுத்தல் ஆகாது என்று முதலில் விதித்துப் பின்னர்ப் பெருந்தொற்றுக் காலத்தில் அதனைத் தளர்த்தியது. பதினைந்து வயதில் செய்யும் ஒரு தெரிவு வாழ்நாள் முழுதும் தொடர்வது பற்றிய கவலை எங்கும் உளது.

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் பருத்திக் காடுகளில் குத்தகைக்கும் வாரத்திற்கும் உழைத்த கறுப்பின மக்கள் வாக்குரிமை பெறுவதற்காக 1960-களில் பாடுபட்டவர் ராபர்ட் மோசஸ். பின்னர் 1982-இல் தம் மகளின் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் கற்பிக்கப்படாமை கண்டு, தாமே வகுப்புக்குச் சென்று கற்பிக்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததே ‘இயற்கணிதத் திட்டம்’ என்னும் இயக்கம். வாக்குரிமை இல்லாதவன் ஒரு காலத்தில் எவ்வாறு ஒதுக்கப்பட்டானோ, அவ்வாறே இயற்கணிதம் அறியாத பிள்ளை இக்காலத்தில் ஒதுக்கப்படுகிறது என்பது அவர் கொள்கை. அவர் 2021-இல் மறைந்தார்.

வீட்டிலேயே ஒரு சோதனை

எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ உள்ள பிள்ளையிடம் பெற்றோர் இவ்வாறு கேட்கலாம். பெற்றோர் கணக்கறிந்திருக்க வேண்டுவதில்லை. விடைகளையும் உடன் தருகிறோம்.

1. மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் கூட்டினால் என்ன? விடை: பன்னிரண்டில் ஏழு.

2. −7-உடன் 4-ஐக் கூட்டினால் என்ன? −3-ஐ −5-ஆல் பெருக்கினால் என்ன? விடை: −3; 15.

3. 360 ரூபாயில் நூற்றுக்கு 15 எவ்வளவு? விடை: 54 ரூபாய்.

4. ஆறு பேர் 10 நாளில் முடிக்கும் நெசவை நான்கு பேர் எத்தனை நாளில் முடிப்பர்? விடை: 15 நாள்.

5. ஓர் எண்ணை 3-ஆல் பெருக்கி 7 கூட்டினால் 25, அவ்வெண் யாது? விடை: 6.

6. 66 அடி நீளமும் 33 அடி அகலமும் உள்ள மனை எத்தனை செண்டு? விடை: 5 செண்டு.

ஆறும் சரியாயின் அப்பிள்ளை மேற்கொண்டு எந்தக் கணக்கையும் கற்கத் தகுதி உடையது. இரண்டு மூன்று தவறினால் திட்டுதலும் அடித்தலும் வேண்டா. தவறிய கணக்கு எவ்வகுப்பைச் சார்ந்ததோ அவ்வகுப்புப் புத்தகத்தை மீண்டும் எடுத்து, நாளொன்றுக்கு அரைமணி நேரம் பயிலச் செய்தல் போதும். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத் திறப்பதில் இழிவு ஒன்றும் இல்லை. அறுந்த இழையைப் பிணைத்துக்கொள்ளாமல் நெய்துகொண்டே போவதுதான் இழிவு.

சங்கம் செய்யத் தக்கது

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை தொடங்கிய 28 பேரில் நெசவாளர் பலர் இருந்தனர். அச்சங்கம் வளர்ந்தபோது மிச்சத் தொகையில் நூற்றுக்கு இரண்டரையைக் கல்விக்கென ஒதுக்கிற்று; படிப்பகமும் நூலகமும் நடத்திற்று. கல்வி கூட்டுறவின் ஓர் அங்கம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நம்மால் இயன்றது சிறிதே. கோடை விடுமுறையில் சங்கக் கட்டிடத்தில் மாலைதோறும் ஒருமணி நேரம், எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்குப் பின்னம், விகிதம், எதிர்ம எண், எளிய சமன்பாடு ஆகிய நான்கை மட்டும் கற்பிக்கலாம். கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் பயிலும் நம் உறுப்பினர் பிள்ளைகளே சட்டாம்பிள்ளைகளாக அமையலாம். நூல் வழங்கும் பதிவேடும் கடன் வட்டிக் கணக்குமே பாடப் புத்தகமாக இருக்கலாம். பத்தாம் வகுப்பு முடிவு வெளிவருமுன், எப்படிப்புக்கு எப்பாடம் வேண்டும் என்ற பட்டியலைப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டறிந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல் வேண்டும்.

நம்மிடம் யோசனை கேட்டு வந்த அந்த நெசவாளர்க்கு இன்னொரு மகள் இருக்கிறாள். இப்போது எட்டாம் வகுப்பு. மேற்கூறிய ஆறு கணக்குகளை அவளிடம் கொடுத்தோம். நான்கு சரி, பின்னமும் எதிர்ம எண்ணும் தவறு. அவளுக்கு முழுதாக இரண்டாண்டு காலம் இருக்கிறது. இம்முறை அவளுக்கு எந்தப் பிரிவு என்று நாம் ஒன்றும் சொல்லவில்லை; ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்றை மட்டும் கொடுத்தனுப்பினோம்.